கந்தல் பள்ளிகளின் பழைய அச்சுப்படங்கள்: வாங்குவது முதல் சுவரில் மாட்டுவது வரை

விக்டோரியா காலத்து ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளைக் காட்டும் அச்சுப்படங்களில் பெரும்பாலானவை அன்றைய லண்டன் வாரப் பத்திரிகைகளிலிருந்து பிரித்தெடுத்த தாள்கள். பத்திரிகைத் தாள் என்பதால் விலை அதிகமில்லை. ஒழுங்காகச் சட்டம் போடும் செலவு பல நேரம் படத்தின் விலையைத் தாண்டிவிடும். புதிதாகச் சேர்க்கத் தொடங்குபவர்கள் இடறுவதும் இங்கேதான். மலிவான தாள்தானே என்று ஓரத்தை வெட்டி, ஹார்டுபோர்டில் பசை தடவி ஒட்டி, கண்ணாடி போட்டுவிடுகிறார்கள். சில ஆண்டுகளில் தாள் பழுத்துப் புள்ளி விழுகிறது. அப்போது பிரித்தெடுக்கவும் வழியிருக்காது. கீழே வரும் எல்லாமே ஒரே விதியிலிருந்து கிளம்புபவை: பிற்பாடு கழற்ற முடியாத எதையும் தாளுக்குச் செய்யக் கூடாது.

படத்தில் இருப்பது எந்தப் பள்ளி?

விற்பவர்கள் 'விக்டோரியன் சாரிட்டி ஸ்கூல்' என்ற ஒரே தலைப்பில் நாலைந்து வகைப் பள்ளிகளைப் போட்டுக் குழப்புவார்கள். விக்டோரியா காலம் என்றால் 1837 முதல் 1901 வரை. முதலில் பிள்ளைகளின் உடையைப் பாருங்கள். நீண்ட நீலக் கோட்டும் மஞ்சள் காலுறையும் இருந்தால் அது கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டல் (பெயர்தான் ஹாஸ்பிட்டல், உண்மையில் பள்ளி). அதே சாயலில் சீருடை அணிந்திருந்தால் பழைய நீலக்கோட்டுப் பள்ளிகளில் ஒன்றாகவோ, திருச்சபை வட்டாரம் நடத்திய அறப்பள்ளியாகவோ இருக்கலாம். இவை விக்டோரியா பிறப்பதற்கு முன்பே தொடங்கியவை. வெறுங்காலும் கிழிந்த சட்டையும், ஆளுக்கொரு விதமான உடையும் என்றால் பெரும்பாலும் கந்தல் பள்ளி. விற்பனைத் தளங்களில் 'ரேகெட் ஸ்கூல்' (Ragged School) என்று தேட வேண்டும்.

கந்தல் பள்ளி கட்டணம் வாங்காது. வேறெந்தப் பள்ளியும் சேர்த்துக்கொள்ளாத தெருப் பிள்ளைகளுக்கென்றே இருந்தது. ஸ்காட்லாந்தின் அபர்டீனில் 1841-இல் சோறும் தொழிலும் படிப்பும் சேர்த்துக் கொடுக்கும் பள்ளியை வில்லியம் வாட்சன் தொடங்கினார். அதே ஆண்டில் லண்டன் ஃபீல்ட் லேனிலும் ஒரு பள்ளி தொடங்கியது. 1843-இல் சார்லஸ் டிக்கன்ஸ் அங்கே நேரில் போய்ப் பார்த்தார். 1844-இல் லண்டனில் இப்பள்ளிகள் சேர்ந்து ஒன்றியம் அமைத்தன. பிறகு ஷாஃப்ட்ஸ்பரி பிரபு என்று பெயர்பெற்ற ஆஷ்லி பிரபு அதன் தலைவர். 1870-இல் தொடக்கக் கல்விச் சட்டம் வந்து, ஊர்தோறும் கல்வி வாரியப் பள்ளிகள் முளைக்க, கந்தல் பள்ளிகள் மெல்ல மெல்ல மூடப்பட்டன. ஆகவே 1840-களின் நடுவிலிருந்து 1870-கள் வரையிலான தாள்களில்தான் நல்ல வேட்டை. முதலில் தேட வேண்டியது 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' 1846 ஏப்ரல் 11 இதழில் வந்த லாம்பெத் கந்தல் பள்ளிப் படங்கள். ஆண்பிள்ளைகள் படம் ஒன்று, பெண்பிள்ளைகள் படம் ஒன்று. இரண்டையும் தனித்தனியாக விற்பதுண்டு. சேர்ந்து கிடைத்தால் விடாதீர்கள்.

போர்ட்ஸ்மத் நகரத்துச் செருப்புத் தொழிலாளி ஜான் பவுண்ட்ஸின் படமும் அடிக்கடி கண்ணில் படும். பட்டறையில் உட்கார்ந்து வேலை செய்தபடியே சுற்றிலும் பிள்ளைகளை வைத்துப் படிப்புச் சொல்லித் தருகிற காட்சி. 1839-இல் இறந்துபோனவர் அவர். கந்தல் பள்ளி இயக்கத்தின் முன்னோடி என்ற பெயர் பிற்பாடு வந்தது. இந்தப் படத்துக்கே ஒரு வரலாறு உண்டு. ஆன்ஸ்ட்ரதர் என்ற ஸ்காட்லாந்து ஊரில் ஒரு விடுதியின் கணப்புக்கு மேலே இது மாட்டியிருந்தது. அதைப் பார்த்த பிறகே இந்த வேலையில் தனக்கு ஈடுபாடு பிறந்தது என்று எடின்பரோவில் 1847-இல் கந்தல் பள்ளிக்காகக் குரல் எழுப்பிய பாதிரியார் தாமஸ் கத்ரி சொல்லியிருக்கிறார். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிய ஓர் அச்சுப்படம் பள்ளிகளை உண்டாக்கியதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

'விக்டோரியன்' என்ற பெயரில் விற்கும் இன்னொன்றில் கவனம் தேவை: லண்டன் அனாதைப் பிள்ளைகள் இல்லத்தின் தேவாலயம். அழகான, கையால் வண்ணம் பூசிய படம். ஆக்கர்மன் வெளியிட்ட, 1808–10-இல் 3 தொகுதிகளாக வந்த, 104 தகடுகள் கொண்ட லண்டன் காட்சி நூலைச் சேர்ந்தது அது. படம் நல்ல படம்தான், காலம்தான் வேறு. அந்தத் தகடுகளுக்குப் பிற்கால மறுபதிப்புகளும் நிறைய உண்டு.

பெரிய கூடம், ஒரே ஒரு ஆசிரியர், சிறுசிறு குழுக்களாகப் பிள்ளைகள், ஒவ்வொரு குழுவுக்கும் சற்று மூத்த பிள்ளை ஒன்று பாடம் சொல்கிறது என்றால் அது 'சட்டாம்பிள்ளை' முறை. அதற்கு நம் ஊரோடு நேரடித் தொடர்பு இருக்கிறது. 1789-இல் சென்னை எழும்பூரில் ராணுவத்தார் பிள்ளைகளுக்கான ஆண் அனாதை இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தன் பள்ளியில் புகுத்தினார். மூத்தவனைக் கொண்டு இளையவனுக்குச் சொல்லிக்கொடுத்தார். 1797-இல் அதை லண்டனில் நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தில் அதற்கு 'மெட்ராஸ் முறை' என்றே பெயர். 1811-இல் தொடங்கிய, இங்கிலாந்துத் திருச்சபையைச் சார்ந்த கல்விச் சங்கமான நேஷனல் சொசைட்டியின் பள்ளிகள் அந்த முறையில் நடந்தன. அதே காலத்து லண்டன் ஆசிரியர் ஜோசப் லங்காஸ்டரின் போட்டி முறையும் இதைப் போன்றதே. படத்தில் பிரித்தறிய எளிய வழி உண்டு. மேசைகள் சுவரோரமாக இருந்து, நடுவில் வெறுந்தரையில் பிள்ளைகள் சதுரமாக நின்றால் பெல். மேசைகள் வரிசை வரிசையாக நடுக் கூடத்தை நிரப்பி, சுவரோரம் பிள்ளைகள் அரைவட்டமாக நின்றால் லங்காஸ்டர்.

அசல் தாளா, புது நகலா?

10 மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்று வாங்குங்கள். நகைக்கடைக்காரர் கண்ணில் வைப்பது அதுதான். கூடவே கள்ள நோட்டுப் பார்க்கும் புற ஊதா டார்ச். இரண்டும் இருந்தால் பத்தில் ஒன்பது சந்தேகம் தீரும்.

அக்காலப் பத்திரிகைப் படங்கள் மரச்செதுக்கு அச்சு. பாக்ஸ் மரத்தின் குறுக்குவெட்டு முகத்தில் செதுக்குவார்கள். அந்த மரம் பருமன் குறைவு; ஆகவே பெரிய படத்துக்குப் பல கட்டைகளைப் பின்புறம் போல்ட் வைத்து முடுக்கிச் சேர்ப்பார்கள். அவசர வேலையென்றால் கட்டைகளைப் பிரித்து ஆளுக்கொன்றாகக் கொடுத்துச் செதுக்கவைப்பார்கள். அதனால் படத்தின் குறுக்கே முடி அளவு மெல்லிய வெள்ளைக் கோடு நேராக ஓடும். கோட்டின் இருபுறமும் நிழல்கீறல்கள் சற்றே பொருந்தாமல் நிற்கும். புதியவர்கள் இதை மடிப்பு அல்லது கிழிசல் என்று நினைத்துத் தாளை ஒதுக்கிவிடுகிறார்கள். அசல் என்பதற்கு அதுவே ஒரு அறிகுறி. ஆனால் நகலிலும் அந்தக் கோடு அப்படியே பதிவாகும். அதை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

லூப் வழியே பார்க்கும்போது கறுப்புக் கோடுகள் தெளிவாக, உடையாமல், ஓரத்தில் மை சற்றே பிதுங்கி இருக்க வேண்டும். கோடுகள் சிறு புள்ளிகளாக உடைந்தால் அது புகைப்பட வழி அச்சு. புள்ளி அச்சு பத்திரிகைகளுக்கு வந்தது 1880-களிலிருந்துதான். 1846 என்று தேதியிட்ட தாளில் புள்ளி தெரிந்தால் நகல். நீலம், சிவப்பு, மஞ்சள் துகள்கள் சிதறிக் கிடந்தால் இங்க்ஜெட்.

அடுத்து, தாளைத் திருப்புங்கள். பத்திரிகைப் பக்கத்தின் பின்புறம் வெறுமையாக இருப்பது அரிது. நாடாளுமன்றச் செய்தியோ, நாடக விமரிசனமோ, விளம்பரமோ அச்சாகியிருக்கும். வெறுமையாக இருந்தால் ஒன்று அது நூலிலிருந்து எடுத்த எஃகுத் தகட்டுப் படம், அல்லது நகல். எஃகுத் தகட்டுப் படமென்றால் தகடு அமுங்கிய பள்ளம் படத்தைச் சுற்றி இருக்கும், அல்லது அது வெட்டப்பட்டிருக்கும். விற்பவர் முன்பக்கப் படத்தை மட்டும் காட்டினால் பின்பக்கத்தின் படத்தைக் கேளுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள்.

புற ஊதா ஒளியில் தாள் பளீரென்று வெளிர்நீலமாக ஒளிர்ந்தால் அதில் வெண்மையூட்டி ரசாயனம் இருக்கிறது. தாளில் அதைச் சேர்ப்பது 1950 வாக்கில்தான் பரவியது. பழைய தாள் மங்கலாகவே நிற்கும். சோதனையைப் பல இடங்களில் செய்யுங்கள். பின்னால் ஒட்டிய புதுத் தாளோ, சோப்பு போட்டுத் துவைத்த துணியின் இழையோகூட ஒளிரும்.

1855 வரை இங்கிலாந்தில் பத்திரிகைகளுக்கு முத்திரை வரி இருந்தது. அதனால் அதற்கு முந்திய இதழ்களின் சில தாள்களில் சிவப்பு வரிமுத்திரை விழுந்திருக்கும், சில சமயம் படத்தின் மேலேயே. அது கறையல்ல, இருந்தால் மகிழ்ச்சி, இல்லாவிட்டாலும் குறையில்லை.

வண்ணம் பற்றி நேரடியாகவே சொல்லிவிடலாம். 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' வண்ணத்தில் அச்சிடத் தொடங்கியதே 1855 கிறிஸ்துமஸ் இணைப்பில்தான். அதற்கு முந்திய பள்ளிப் படம் வண்ணமாக இருந்தால் பின்னால் வந்த யாரோ கையால் பூசியது, பெரும்பாலும் 20-ஆம் நூற்றாண்டு வியாபாரிகள். 'அக்காலத்தே கையால் வண்ணமிட்டது' என்ற விளம்பரத்துக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். கறுப்பு வெள்ளையிலேயே இந்தப் படங்கள் நன்றாக இருக்கின்றன. கோட்டின் வேலைப்பாடு வண்ணத்தில் முங்கிப்போகிறது.

லண்டனில் தாமஸ் பர்னார்டோ ஆதரவற்ற பிள்ளைகளுக்காக நடத்திய இல்லத்தின் 'முன்பு – பின்பு' புகைப்பட அட்டைகளும் இதே வட்டாரத்தில் விற்பனைக்கு வரும். அவற்றில் சில நன்கொடைக்காக வேடம் போட்டு எடுத்தவை என்று புகார் எழுந்து, 1877-இல் மத்தியஸ்தர் விசாரணை வரை போனது. வாங்கலாம், உண்மைப் பதிவு என்று எழுதி மாட்டக் கூடாது.

தாளின் நிலை

1840-களின் தாள் பெரும்பாலும் கந்தைத் துணியிலிருந்து செய்தது, இன்றும் வளையும். 1870-களுக்குப் பிறகு மரக்கூழ் கலந்தது. பழுத்து, ஓரத்தில் முறியும். ஆகவே 1846 தாள் 1886 தாளைவிட வெளுப்பாக இருந்தால் சந்தேகப்பட வேண்டாம். பிந்திய காலத் தாளைச் சுருட்டி அனுப்பச் சொல்லாதீர்கள்; சுற்றிலும் 5 செ.மீ. பெரிதான இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே தட்டையாக வர வேண்டும்.

மடிப்பு, தையல் ஓட்டை, சில பழுப்புப் புள்ளிகள் இவையெல்லாம் பரவாயில்லை. செல்லோடேப் கறை, பின்னால் முழுவதும் பசை, படத்துக்குள் நுழைந்த கிழிசல், தலைப்பையும் தேதியையும் வெட்டியெறிந்த தாள் ஆகியவற்றுக்கு விலையைப் பாதியாகக் குறைத்தாலும் யோசியுங்கள். பஞ்சு போலப் பூஞ்சை நிற்கும் தாளை மற்றவற்றோடு ஒரே அறையில் வைக்கவே வேண்டாம்.

அகலமான மென்தூரிகையால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தூசி தட்டுங்கள். வீட்டில் செய்யக்கூடிய சுத்தம் அவ்வளவுதான். பிளீச்சிங், தேயிலைத் தண்ணீர், ரொட்டித் துண்டு என்று காணொளிகள் சொல்வதை மறந்துவிடுங்கள். மை கரையாது என்பது உண்மை. ஆனால் நனைந்த பழைய தாளைத் தூக்கத் தெரியாதவர் கையில் அது இரண்டாகும். கைவண்ணம் இருந்தால் அதுவும் ஓடிவிடும்.

எவ்வளவு தெரிய வேண்டும்?

'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' பத்திரிகையின் ஒரு பக்கம் ஏறத்தாழ 28 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம். பள்ளிப் படம் பல நேரம் பக்கத்தின் மேல்பாதியில் இருக்கும், கீழே செய்தி. படம் மட்டும் தெரியும்படி மவுண்டில் (படத்தைச் சுற்றி வைக்கும் கெட்டி அட்டையில்) ஜன்னல் வெட்டினால், கீழே 20 செ.மீ. தாளை எங்கே ஒளிப்பது? ஒளிக்க இடமில்லாமல்தான் கடைக்காரர் கத்தரிக்கோலை எடுக்கிறார். முழுப் பக்கத்தையும் காட்டிவிடுங்கள் என்பதே எங்கள் யோசனை. செய்தியோடு சேர்ந்த பக்கம் சுவரில் கம்பீரமாக இருக்கும். தேதியும் பத்திரிகைப் பெயரும் மேலேயே இருப்பதால் விளக்கச் சீட்டும் வேண்டாம்.

கணக்கு இப்படி வரும். ஜன்னல் தாளைவிட நாலு பக்கமும் 4 மி.மீ. உள்ளே: 27.2 × 39.2 செ.மீ. மவுண்ட் ஓரம் மேலேயும் இரு பக்கங்களிலும் 6, கீழே 7.5. மொத்தம் 39.2 × 52.7. மரம் பருவத்துக்குப் பருவம் ஊதும் என்பதால் சட்டத்தின் உள்ளளவு 39.5 × 53. உங்கள் தாளை அளந்த பிறகே கடையில் அளவு கொடுங்கள். ஓரம் வெட்டிக் கட்டிய தொகுதியிலிருந்து வந்த தாள் ஒன்றிரண்டு செ.மீ. குறைவாக இருக்கும்.

மவுண்ட், கீல், பசை

மவுண்ட் போர்டு முழுப் பருத்தியாக இருந்தால் நல்லது. கிடைக்காவிட்டால் லிக்னின் (தாளைப் பழுக்கவைக்கும் மரப்பொருள்) இல்லாத போர்டு. 'ஆசிட் ஃப்ரீ' என்ற ஒரே சொல்லை நம்பாதீர்கள்: மலிவான மரக்கூழ் அட்டையில் சுண்ணாம்பு கலந்தும் அந்தப் பெயரில் விற்கிறார்கள், சுண்ணாம்பு தீர்ந்ததும் அமிலம் தலைகாட்டும். பழைய மவுண்டின் சாய்வெட்டு ஓரம் பழுப்பாக மாறியிருந்தால், அதே பழுப்புக் கோடு படத்தின் மேலும் விழுந்திருக்கும். தடிமன் 1.5 மி.மீ.க்குக் குறையக் கூடாது. குறைந்தால் தாள் அலையும்போது கண்ணாடியைத் தொடும்.

ஜன்னல் போர்டும் பின்போர்டும் ஒரே அளவு. இரண்டின் மேல்விளிம்புகளையும் துணி டேப்பால் இணைத்தால் புத்தகம் போலத் திறக்கும். தாளைப் பின்போர்டில் தொங்கவிட வேண்டும், ஒட்டக் கூடாது.

1. மெல்லிய ஜப்பானியத் தாளில் 2 × 4 செ.மீ. துண்டுகள் இரண்டு. தாளைத் தொங்கவிடும் கீல்கள் இவைதான். ஈரக் கோடு போட்டுக் கையால் கிழியுங்கள். கத்தியால் வெட்டிய ஓரம் நாளடைவில் படத்தில் தழும்பு போடும்.

2. கோதுமை ஸ்டார்ச் ஒரு பங்கு, காய்ச்சி வடித்த தண்ணீர் நாலு பங்கு. அரை மணி நேரம் ஊறவைத்து, சிறுதீயில் 20–30 நிமிடம் கிண்டிக்கொண்டே காய்ச்சி, ஆறவிட்டு, சல்லடையில் தேய்த்து, தயிர்ப் பதத்துக்குத் தண்ணீர் விடுங்கள். மைதாவில் பசைப்புரதம் இருக்கிறது; ஸ்டார்ச்தான் வேண்டும். பைண்டிங் கடைப் பசையை வாங்கிவராதீர்கள். பூச்சி வராமலிருக்க அதில் மயில்துத்தம் போடுவார்கள். அதிலுள்ள செம்பு தாளின் நாரை அரிக்கும்.

3. துண்டின் முனையில் 5 மி.மீ. அளவுக்கு மட்டும் பசை தடவி, படத்தின் பின்புற மேல்விளிம்பில், மூலையிலிருந்து 3 செ.மீ. உள்ளே தள்ளி, இருபுறமும் ஒட்டுங்கள். மேலே மையொற்றும் தாள், அதன்மேல் அரைக் கிலோ எடை. 10 நிமிடத்துக்குப் பின் மையொற்றும் தாளை மாற்றி, ஒரு மணி நேரம் விடுங்கள். ஈரத்தோடு விட்டால் அந்த இடம் சுருங்கும்.

4. துண்டின் மீதிப் பகுதியைப் பின்போர்டில் வைத்து, அதன் குறுக்கே இன்னொரு துண்டை ஒட்டினால் ஆங்கில 'டி' எழுத்துப் போல் நிற்கும்.

கீழ்விளிம்பிலும் பக்கங்களிலும் எதுவும் வேண்டாம். தாள் ஈரத்தில் விரியும், வெயிலில் சுருங்கும். நாலு பக்கமும் கட்டிவைத்தால் நடுவில் கொப்புளிக்கும். கீல் தாளைவிடப் பலவீனமாக இருக்க வேண்டும்: சட்டம் கீழே விழுந்தால் கிழிய வேண்டியது கீல், படம் அல்ல. பசையே வேண்டாம் என்பவர்கள் மூலைகளுக்கு பாலியஸ்டர் உறை போட்டும் நிறுத்தலாம்; முறிகிற தாளுக்கு மட்டும் அது ஆகாது.

கண்ணாடியும் சட்டமும்

2 மி.மீ. கண்ணாடி, 1.5 ஜன்னல் போர்டு, 1.5 பின்போர்டு, 3 மி.மீ. பின்பலகை: மொத்தம் 8. ஆணி அடிக்க இடம் விட்டு, சட்டத்தின் உள்பள்ளம் 12 மி.மீ. ஆழமாவது இருக்க வேண்டும். கடைகளில் கிடைக்கும் மெல்லிய சட்டங்கள் பலவற்றில் இந்த ஆழம் இருக்காது. பின்பலகை வெளியே துருத்தி நிற்கும்.

புற ஊதா தடுக்கும் கண்ணாடி வாங்க முடிந்தால் வாங்குங்கள். கரி மை வெளுக்காது. ஆனால் மரக்கூழ்த் தாள் வெளிச்சத்தில் பழுக்கும், கைவண்ணம் வெளுக்கும். வண்ணத்தைப் பொறுத்தவரை அந்தக் கண்ணாடியும் வெளிச்சத்தின் சேதத்தை முழுவதும் நிறுத்தாது. அருங்காட்சியகங்கள் அத்தகைய தாள்களுக்கு 50 லக்ஸ் வெளிச்சத்தோடு நிறுத்திக்கொள்வது அதனால்தான்.

பூச்சில்லாத வெறும் மரம் அமிலம் கக்கும். உள்பள்ளத்தில் அலுமினிய டேப் ஒட்டிவிடுங்கள். பின்பலகைக்குப் பிளைவுட்டும் ஹார்டுபோர்டும் வேண்டாம். பாலிபுரொப்பிலீன் பலகை போதும். கரையானும் அதைச் சீந்தாது. பின்புறச் சந்துகளை நாலு பக்கமும் டேப்பால் அடைத்துவிடுங்கள். ராமபாணப் பூச்சிக்கு ஒரு மில்லிமீட்டர் இடைவெளி தாராளம், ஸ்டார்ச் பசை அதற்கு விருந்து.

அடைப்பதற்கு முன் தாளின் இரண்டு பக்கங்களையும் படமெடுத்து, பின்பக்கத்தின் நகலை ஓர் உறையில் போட்டுச் சட்டத்தின் பின்னால் ஒட்டுங்கள். எங்கே, எப்போது வாங்கியது, என்ன பசை, எந்தப் போர்டு என்ற விவரமும் அதிலேயே இருக்கட்டும்.

மாட்டுவது

இந்த அளவுச் சட்டத்தில் கண்ணாடி மட்டுமே ஒரு கிலோவுக்கு மேல். இரண்டு கொக்கி அடியுங்கள். ஒற்றை ஆணியில் படம் சாய்ந்துகொண்டே இருக்கும். சமையலறை, குளியலறைச் சுவர், ஏ.சி. காற்று நேரே அடிக்கும் இடம், மழை இறங்கும் வெளிச்சுவர் எல்லாம் விலக்கு. கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகையில் வெளிச்சுவர் வியர்க்கும். உள்சுவரிலும் கீழ் மூலைகளில் 5 மி.மீ. ரப்பர் மொட்டு ஒட்டிக் காற்று போகவிடுங்கள்.

மழைக்காலம் முடிந்ததும் ஒவ்வோர் ஆண்டும் கழற்றி, சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணாடியின் உள்பக்கம் மூட்டமிருந்தாலோ, புதிதாகப் புள்ளி விழுந்திருந்தாலோ, தாள் ஒரு பக்கமாகத் தொங்கினாலோ உடனே பிரித்து, மவுண்டைத் திறந்து இரண்டு நாள் உலர்ந்த அறையில் விடுங்கள். மாடியில் வெயிலில் வைக்காதீர்கள்.